ஆண்டு மலரில் ஒரு முகத்துக்கு எத்தனை புள்ளி?

ஆண்டு மலர் அச்சாகி வந்ததும் எல்லோரும் முதலில் புரட்டுவது தங்கள் வகுப்பின் குழுப்படம் இருக்கும் பக்கத்தைத்தான். முதல்வரின் அறிக்கையும் கட்டுரைப் போட்டி முடிவுகளும் அப்புறம்தான். பல பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் அந்தப் பக்கம் ஆண்டுதோறும் ஒரே ஏமாற்றத்தைத் தருகிறது. செல்பேசியில் பளிச்சென்று தெரிந்த படம் தாளில் மங்கிக் கிடக்கிறது. மூன்றாம் வரிசையில் நிற்கும் பெண்ணின் கண்ணும் புருவமும் ஒன்றாகிவிட்டன. மலர்க் குழு அச்சகத்தைக் குறை சொல்கிறது. அச்சகமோ, "நீங்க குடுத்த ஃபைல்லயே ரெசல்யூஷன் இல்லீங்க" என்கிறது. இவ்வளவுக்கும் அதே பள்ளியின் வாசலில் பத்தடி அகலத்துக்குக் கட்டிய ஃபிளெக்ஸ் பேனரில், வாட்ஸ்அப்பில் வந்த அதே மாதிரிப் படம் எந்தக் குறையும் இல்லாமல் நிற்கிறது. பத்தடிக்கு இழுத்தும் கெடாத படம் ஒரு பக்கத்துக்குள் அடங்கும்போது ஏன் கெடுகிறது?

டிஜிட்டல் படம் என்பது கட்டம் கட்டமாக அடுக்கிவைத்த எண்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரே ஒரு நிறத்தையும் வெளிச்ச அளவையும் குறிக்கிறது. பிக்சல் என்று வழக்கில் சொல்லும் இந்தக் கட்டத்தை இங்கே படப்புள்ளி என்று அழைப்போம். 12 மெகாபிக்சல் கேமரா எடுக்கும் படத்தில் கிடையாக 4000, செங்குத்தாக 3000, ஆக மொத்தம் 1 கோடியே 20 லட்சம் படப்புள்ளிகள் இருக்கும். கோப்புக்குள் இருக்கும்வரை அந்தப் படத்துக்கு அங்குலக் கணக்கே கிடையாது. செல்பேசித் திரையில் அது உள்ளங்கை அகலம், வகுப்பறைப் புரொஜெக்டரில் சுவர் அகலம்.

தாளில் வைக்கும்போதுதான் அதற்கு ஓர் அளவு வருகிறது. ஒரு கரண்டி மாவைச் சின்னதாக ஊற்றினால் கெட்டியான தோசை. அதே கரண்டி மாவைக் கல் முழுக்க இழுத்தால் அங்கங்கே ஓட்டை. 1600 படப்புள்ளி அகலமுள்ள படத்தை 4 அங்குலத்தில் வைத்தால் அங்குலத்துக்கு 400 புள்ளி விழும். அதையே 16 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 100தான். இப்படி ஓர் அங்குலத்துக்குள் எத்தனை படப்புள்ளி விழுகிறது என்பதைப் புள்ளியடர்வு எனலாம். அச்சகத்தார் பிபிஐ என்றும், பேச்சுவழக்கில் டிபிஐ என்றும் சொல்வது இதைத்தான்.

உலகில் முதன்முதலில் கணினிக்குள் ஏற்றப்பட்ட புகைப்படத்துக்கே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 1957இல் அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் அமைப்பில் ரஸ்ஸல் கிர்ஷ் என்ற பொறியாளர், தன் கைக்குழந்தையின் 5 செ.மீ. சதுரப் படம் ஒன்றை ஸ்கேன் செய்தார். கணினியில் பதிந்தது 176க்கு 176 புள்ளி. 5 செ.மீ. என்பது ஏறத்தாழ 2 அங்குலம். ஆகப் புள்ளியடர்வு அங்குலத்துக்கு 90ஐ ஒட்டி வருகிறது. அது குழந்தை என்று யாருக்கும் தெரியும். ஆனால் விளிம்பெல்லாம் படிக்கட்டு போல உடைந்திருக்கும்.

"300 டிபிஐயாக மாற்றி அனுப்புங்கள்" என்று அச்சகம் சொன்னதும் பலர் செய்யும் காரியம் ஒன்று உண்டு. படத்தை ஒரு மென்பொருளில் திறந்து, 72 என்றிருக்கும் இடத்தில் 300 என்று தட்டி, சேமித்து அனுப்பிவிடுவார்கள். அந்த எண் கோப்பின் மேல் ஒட்டிய சீட்டு மட்டுமே. ஒரு கேமரா 72 என்று எழுதும், இன்னொன்று 300 என்று எழுதும். இரண்டிலும் உள்ளே இருக்கும் படப்புள்ளிகள் ஒன்றாகவே இருக்கலாம். 4000 புள்ளி அகலமுள்ள படத்தில் 72 என்று எழுதியிருந்தாலும் அது 13 அங்குல அகலத்துக்கு அருமையாக அச்சாகும். 400 புள்ளி அகலப் படத்தில் 300 என்று எழுதியிருந்தாலும் ஒன்றேகால் அங்குலத்தைத் தாண்டினால் மங்கத் தொடங்கும். எண்ணை மாற்றும்போது மென்பொருளே புள்ளிகளையும் பெருக்கினால் இன்னும் மோசம். பக்கத்துப் புள்ளிகளின் சராசரியை எடுத்து நடுவில் புதிதாகச் செருகுகிறது. மாவில் தண்ணீர் ஊற்றி அளவைக் கூட்டுவதற்கு இது சமம். கோப்பு கனக்கும், முகத்தில் ஒரு மயிரிழை விவரம்கூடக் கூடாது.

அந்த 300 எங்கிருந்து வந்தது? ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு இடங்களிலிருந்து. முதலாவது நம் கண்.

கண் மருத்துவமனைச் சுவரில் தொங்கும் எழுத்து அட்டையை 1862இல் வகுத்தவர் நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரக் கண் மருத்துவர் ஹெர்மான் ஸ்னெல்லன். 6 மீட்டர் தள்ளி உட்கார்ந்து 6/6 வரியைப் படிப்பவர், ஏறத்தாழ 9 மி.மீ. உயரமுள்ள எழுத்தை அடையாளம் காண்கிறார். எழுத்தின் கோட்டுத் தடிமன் அதில் ஐந்தில் ஒரு பங்கு, சுமார் 1.75 மி.மீ. அந்தத் தொலைவில் அந்தத் தடிமன் நம் கண்ணில் எடுக்கும் கோணம் ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு. இயல்பான பார்வை இதுவரை பிரித்துக் காணும். அதனினும் நெருங்கிய இரு கோடுகள் ஒன்றாகிவிடும். விழித்திரையைப் பிரித்துப் பார்த்தவர்களும் வேறு வழியாக இதே எல்லைக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டு கோடுகள் தனித்தனியாகத் தெரிய வேண்டுமானால், அவற்றின் ஒளி விழும் இரண்டு கூம்பு செல்களுக்கு நடுவில் ஒளி விழாத ஒரு செல்லாவது இருக்க வேண்டும். விழித்திரையின் நடுக்குழியில் அந்தச் செல்கள் அடுக்கியிருக்கும் நெருக்கம் ஸ்னெல்லனின் எல்லையோடு பொருந்திவருகிறது.

புத்தகத்தை நாம் 30 செ.மீ. தூரத்தில் பிடிக்கிறோம். அந்தத் தூரத்தில் மேற்சொன்ன கோணத்துக்கு உரிய அகலம் 0.09 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஓர் அங்குலத்தில் அப்படிப்பட்ட அகலங்கள் ஏறத்தாழ 290 அடங்கும். முழு எண்ணாக்கினால் 300.

பேனரின் புதிரும் இதில் அவிழ்ந்துவிடுகிறது. சாலையின் எதிர்ப்புறம் 10 மீட்டரில் நின்று பார்ப்பவருக்கு அதே கோணத்தில் அடங்கும் அகலம் 3 மி.மீ.; அங்குலத்துக்கு 9 புள்ளி இருந்தாலே அவர் கண்ணுக்குப் போதும். 1600 புள்ளிப் படத்தைப் பத்தடிக்கு, அதாவது 120 அங்குலத்துக்கு, விரித்தால் அங்குலத்துக்கு 13 புள்ளி கிடைக்கிறது. தேவைக்கு மேலேயே இருக்கிறது. பேனருக்கு அருகில் போய் நின்றால் முகம் சதுரம் சதுரமாக உடைவதைப் பார்க்கலாம். அதே படத்தை ஆண்டு மலரில் பக்கத்தைத் திருப்பி 11 அங்குல அகலத்துக்கு வைத்தால் அடர்வு 145. கையில் பிடித்துப் படிக்கும் கண் கேட்பதோ அதைப்போல் இரு மடங்கு.

இரண்டாவது காரணம் அச்சு எந்திரத்துக்குள் இருக்கிறது. எனக்கு இதுவே அதிகம் பிடித்த பகுதி. ஆஃப்செட் எந்திரத்துக்குக் கறுப்பு மை தெரியும், வெள்ளைத் தாள் தெரியும். சாம்பல் நிறம் தெரியாது. மையை அது ஓரிடத்தில் வைக்கும், அல்லது வைக்காமல் விடும். கன்னத்தின் மேல் படர்ந்த நிழலை அச்சிட வேண்டுமானால் சிறிதும் பெரிதுமான மைப்புள்ளிகளை வரிசையாக வைத்துக் கண்ணை நம்பவைக்க வேண்டும். ஹாஃப்டோன் எனப்படும் அரைத்தொனி முறை இது. ஆண்டு மலரின் ஏதாவது ஒரு வண்ணப் படத்தின்மேல் பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். முகத்தின் தோல் நிறம் காணாமல் போய், நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் சின்னச் சின்னப் பூ வட்டங்களாகச் சுற்றியிருப்பது தெரியும். நான்கு மையின் புள்ளி வரிசைகளையும் வெவ்வேறு கோணத்தில் சாய்த்து வைப்பதால் அந்தப் பூ வட்டம் உண்டாகிறது.

1880இல் நியூயார்க்கின் 'டெய்லி கிராஃபிக்' நாளிதழ் இம்முறையில் ஒரு புகைப்படத்தை அச்சிட்டது. அதை ஓர் அறிவியலாக வளர்த்தவர்களில் ஒருவர் கொல்கத்தாவில் இருந்தார்: உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி, சத்யஜித் ராயின் தாத்தா. குழந்தைகளுக்கான தன் புத்தகத்தில் படங்கள் கெட்டுப்போய் அச்சாவதைப் பொறுக்காமல் இங்கிலாந்திலிருந்து கருவிகளை வரவழைத்தார். படத்தைப் புள்ளிகளாகப் பிரிக்கும் திரைக்கும் தகட்டுக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம், லென்ஸின் துளை வடிவம், திரைக் கோடுகள் வெட்டிக்கொள்ளும் கோணம் என ஒவ்வொன்றையும் கணக்கிட்டு, லண்டனிலிருந்து வந்த அச்சுத் தொழில் ஆண்டிதழான 'பென்ரோஸ் ஆனுவல்'இல் 1897 முதல் கட்டுரைகளாக எழுதினார். தன்னிடம் வரும் படம் தாளில் கெட்டுப்போகக் கூடாது என்ற அந்தக் கவலை இன்றைய மலர்க் குழுவுக்கும் இருக்க வேண்டியதே.

நல்ல வழுவழுப்பான ஆர்ட் தாளில் இந்த மைப்புள்ளிகள் அங்குலத்துக்கு 150 வரிசை என்ற நெருக்கத்தில் விழுகின்றன. செய்தித்தாள் போன்ற முரட்டுத் தாளில் மை பரவிவிடும் என்பதால் 85 முதல் 100 வரிசை. ஒரு மைப்புள்ளியின் அளவைச் சரியாக முடிவு செய்ய ஒவ்வொரு திசையிலும் சுமார் இரண்டு படப்புள்ளி இருந்தால் நல்லது என்பது தொழிலின் அனுபவக் கணக்கு. 150ஐ இரண்டால் பெருக்கினால் 300. ஒன்றரை மடங்கு இருந்தாலும், அதாவது 225 இருந்தாலும், பெரும்பாலான முகப்படங்களில் வித்தியாசம் தெரியாது. ஆகவே 230 புள்ளி அடர்வில் இருக்கும் அபூர்வமான ஒரு படத்தை '300 இல்லை' என்பதற்காகத் தூக்கி எறியாதீர்கள். 150க்குக் கீழே போனால்தான் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

இதே இடத்தில் டிபிஐ குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ளலாம். அச்சுத் தகடு தயாரிக்கும் சிடிபி எந்திரம் அங்குலத்துக்கு 2400 நுண்பொட்டுகளை லேசரால் வைக்கிறது. அங்குலத்துக்கு 150 மைப்புள்ளி என்றால், ஒவ்வொரு மைப்புள்ளிக்கும் 16க்கு 16, ஆக 256 நுண்பொட்டுகள் கிடைக்கும். எத்தனை பொட்டை நிரப்புகிறது என்பதைப் பொறுத்து வெள்ளையிலிருந்து கறுப்புவரை எல்லாச் சாம்பலும் வந்துவிடும். எந்திரத்தின் 2400ஐப் பார்த்து உங்கள் படமும் 2400 இருக்க வேண்டும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஒரு கோப்பில் 600, 800 என்று அடர்வு இருந்தாலும் தாளில் கூடுதலாக எதுவும் வந்துவிடாது.

எழுத்துக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. ஒரே கோட்டின் இரண்டு துண்டுகள் நேர்வரிசையிலிருந்து துளி விலகியிருந்தாலும் கண் கண்டுபிடித்துவிடும்; அந்தத் திறன் ஸ்னெல்லன் எல்லையைவிடப் பல மடங்கு நுட்பமானது. எழுத்தின் கூரிய விளிம்பை 300 புள்ளியில் வைத்தால் பிசிறு தெரியும். குழுப்படத்தின் கீழேயே மாணவர் பெயர்களை அடித்து, மொத்தத்தையும் ஒரே ஜேபெக் படமாக அனுப்பும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். பெயர்களைத் தனியே எழுத்தாகக் கொடுத்தால் அச்சகம் அவற்றை எந்திரத்தின் முழு 2400 நுணுக்கத்தில் எடுத்துக்கொள்ளும். '்' என்ற புள்ளி கொஞ்சம் மங்கினாலும் தமிழில் பெயரே மாறிவிடும்.

இனிக் குழுப்படம். ஒரு வகுப்பில் 60 பேர், நான்கு வரிசை, வரிசைக்கு 15 பேர். ஏ4 பக்கத்தில் ஓரம் போக 7 அங்குல அகலத்தில் படத்தை வைக்கிறோம். ஒருவருக்கு வரும் இடம் 12 மி.மீ. தோளோடு தோள் சேர்ந்து நிற்பவர்களில் முகத்தின் அகலம் அந்த இடத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, ஆக 4 மி.மீ. அங்குலத்துக்கு 150 வரிசை என்ற கணக்கில் அந்த 4 மி.மீ.க்குள் விழுவது 23 மைப்புள்ளிகள். ஒரு பிள்ளையின் இரண்டு கண், மூக்கு, சிரிப்பு எல்லாவற்றையும் குறுக்கே 23 புள்ளிகளில் சொல்லியாக வேண்டும். எவ்வளவு விலையுயர்ந்த கேமராவில் எடுத்தாலும் அந்த அளவில் அச்சு அதற்குமேல் காட்டாது.

செய்யக்கூடியது, தாளில் இடத்தைக் கூட்டுவதுதான். பக்கத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் படத்தை 11 அங்குலத்துக்கு வைத்தால் முகம் 6 மி.மீ. ஆகிறது, மைப்புள்ளிகள் 36ஐத் தாண்டுகின்றன. அதற்கு 300 அடர்வில் 3300 படப்புள்ளி அகலம் தேவை. 4000 புள்ளி அகலப் படம் இதற்குக் கச்சிதம், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: வரிசையில் நிற்பவர்கள் படத்தின் அகலம் முழுவதையும் நிரப்ப வேண்டும். இருபுறமும் வேப்பமரத்தையும் சுவரையும் சேர்த்து எடுத்தால் பாதிப் புள்ளிகள் மரத்துக்குப் போய்விடும். பின்னால் வெட்டிச் சரிசெய்யும்போது எஞ்சுவது 2000தான்.

வாட்ஸ்அப் கெடுப்பதும் இங்கேதான். சாதாரணமாக அனுப்பும் படத்தின் நீளப் பக்கத்தை அது ஏறத்தாழ 1600 புள்ளிக்குச் சுருக்கிவிடுகிறது. போதாதற்கு அழுத்திச் சேமிப்பதால் நுண்விவரங்களும் வழித்து எடுக்கப்படுகின்றன. இதனால் எல்லாப் படமும் பாழ் என்று சொல்ல மாட்டேன். ஒற்றை மாணவரின் பாஸ்போர்ட் அளவுப் படம், 35க்கு 45 மி.மீ., அச்சாக 413க்கு 531 புள்ளி போதும். முகத்தை நெருக்கமாக எடுத்த வாட்ஸ்அப் படமே அதற்குத் தாங்கும். குழுப்படம் தாங்காது. எந்தப் படத்தையும் டாக்குமென்ட்டாக அனுப்பினால் சுருங்காமல் வரும்.

நடைமுறையில் இன்னும் இரண்டு இடங்களில் படம் கெடுகிறது. கட்டம் போட்ட சீருடை ஒன்று. துணியின் நுண்கட்டங்களும் கேமராவின் கட்டங்களும் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் வந்தால், சட்டையில் இல்லாத அலைகள் படத்தில் ஓடும். மோரே எனப்படும் இந்த அலைக்கோலம் ஒருமுறை பதிந்துவிட்டால் நீக்குவது கடினம். படம் எடுத்த இடத்திலேயே பெரிதாக்கிப் பார்த்து, ஓரடி முன்னோ பின்னோ நகர்ந்து மறுபடி எடுத்துவிடலாம். பழைய மலரிலிருந்து படத்தை ஸ்கேன் செய்து புதிய மலரில் போடும்போதும் இதே அலை வரும். பழைய அச்சின் மைப்புள்ளி வரிசையும் புதிய வரிசையும் மோதிக்கொள்வதே காரணம். முன்னாள் மாணவர் பக்கத்துக்கு, முடிந்தவரை அசல் புகைப்படத்தையே தேடிப் பிடியுங்கள்.

மங்கிய முகத்தைச் செயற்கை நுண்ணறிவு செயலியில் போட்டுத் தெளிவாக்கும் வழக்கமும் வந்துவிட்டது. இதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். 20 புள்ளியில் இல்லாத கண்ணிமையை அந்தச் செயலி எங்கிருந்தும் மீட்பதில்லை; தான் பார்த்துப் பழகிய லட்சக்கணக்கான முகங்களிலிருந்து ஒரு பொருத்தமான இமையை ஊகித்து வரைகிறது. தாளில் பளிச்சென்று வருவது அந்த மாணவியைப் போன்ற வேறொருத்தி. அலங்காரப் படத்துக்கு அது பரவாயில்லை. ஒரு பள்ளியின் பதிவேட்டில் அது பொய்.

மங்கலான படத்தை மலர்க் குழு ஏன் ஒப்புக்கொண்டு அச்சுக்கு அனுப்பிவிடுகிறது என்பதற்கும் ஓர் அறிவியல் காரணம் இருக்கிறது. 1973இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த லியோன் ஹார்மன், ஆபிரகாம் லிங்கனின் முகத்தைச் சில நூறு சாம்பல் கட்டங்களாகக் குறைத்துக் காட்டினார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் லிங்கன் தெரிகிறார். ஏற்கெனவே அறிந்த முகத்துக்கு மூளை விடுபட்டதை நிரப்பிக்கொள்கிறது. மெய்ப்புப் பார்க்கும் ஆசிரியருக்கு அந்த 60 பேரும் தினமும் பார்க்கும் பிள்ளைகள். மங்கிய புள்ளிகளிலும் அவருக்கு எல்லோரும் தெரிகிறார்கள். முப்பது ஆண்டு கழித்து அந்தப் பக்கத்தைத் திறக்கும் மகளுக்கோ, பெயரனுக்கோ அந்த முகம் முன்பின் தெரியாதது. அவர்களுக்குத் தாளில் இருப்பது மட்டுமே தெரியும். அரசுப் பள்ளியில் படித்த எத்தனையோ பேருக்குத் தங்கள் பதினேழு வயதின் முகம் அச்சில் இருக்கும் ஒரே இடம் அந்தக் குழுப்படமாக இருக்கும்.

மெய்ப்பைக் கணினித் திரையில் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். ஒரே குழுப்படத்திலிருந்து கடைசி வரிசை ஓரத்தில் நிற்பவரின் முகத்தைத் தேர்ந்தெடுத்து, மலரில் வரப்போகும் அதே அளவில், 100, 150, 225, 300 அடர்வுகளில் நான்கு முறை ஒரே ஏ4 தாளில் அச்சிட்டுப் பாருங்கள். சாதாரண லேசர் பிரிண்டர் போதும். அந்த மாணவரைத் தெரியாத ஒருவரிடம் தாளைக் காட்டி, எதில் முகம் தெளிவாக இருக்கிறது என்று கேளுங்கள்.

இந்த ஆண்டு மலர்க் குழுவில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழுப்படம் எடுக்கும் நாளிலேயே புகைப்படக்காரரிடமிருந்து கேமராவின் அசல் கோப்புகளைப் பென் டிரைவில் வாங்கிவிடுங்கள். ஒரு பிரதி அச்சகத்துக்கு, ஒரு பிரதி பள்ளி நூலகத்துக்கு. விளம்பரத்துக்கு ஒதுக்கும் பக்கங்களில் ஒன்றைக் குறைத்தாவது குழுப்படத்துக்கு முழுப் பக்கம் கொடுங்கள்.